ராக்கினி நின்ற நாள்

எங்கள் சிப்பிமுனையில் நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டப்பட்டது ஊருக்குள், மாதா சிலை இருக்கிற குருசடிக்குப் பக்கத்தில், இன்று அது இருப்பது கடற்கரையில், வள்ளங்களை ஏற்றி வைக்கும் மேட்டுக்குப் பக்கத்தில், நடுவில் யாரும் புதுக்கிணறு வெட்டவில்லை. நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் பஸ் ஏறி வந்து ஒரு வாளி இறைத்துக் குடித்துப் பார்க்கலாம், கடலுக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். கிணறு எப்படி நடந்தது என்பதை எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைகூடச் சொல்லிவிடும். அது எப்படி நின்றது என்பதைத்தான் ஆளுக்கொன்று சேர்த்துச் சொல்லிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

தொம்மை வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கப் போனவர். தோள் இறங்கிப்போன பிறகு அவரால் முன்போலத் துடுப்புப் போட முடியவில்லை, பெண்டாட்டி பிரகாசிதான் கூடவே கடலுக்குப் போய்த் தூண்டில் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டாள், பொம்பளை கடலுக்குப் போகிறாளே என்று ஊர் ஒரு பருவம் முழுக்க வாயை மென்றது, அவள் பிடித்து வந்த பாறை மீன்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டது. எஞ்சின் ஒன்று இருந்தால் இரண்டு பேர் பாடும் குறையும் என்று காதுக் கம்மலைக் கழற்றிக் கொடுத்து அவரை டவுனுக்கு அனுப்பினாள். சாயங்காலம் அவர் ஒரு வெள்ளைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார். மாப்பிள்ளை ஊர்வலம் போகிற குதிரை, கல்யாண மண்டபத்து இரும்புக் கேட்டில் கட்டியிருந்தபோது எவனோ அதன் காலடியில் சரவெடியைக் கொளுத்திப் போட்டிருக்கிறான், அன்றிலிருந்து எங்கே கட்டினாலும் பின்னுக்கு இழுக்கிறது என்று சொந்தக்காரன் அதை நடுரோட்டில் வைத்துச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தானாம், தொம்மையால் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லையாம். எஞ்சின் பணம் குதிரையாகிவிட்டது என்று பிரகாசிக்குப் புரிந்தது. குதிரைக்குத் தண்ணீர் வைத்தாள், புருசனுக்குக் கஞ்சி வைக்கவில்லை.

ராக்கினி என்று பெயர் வைத்ததும் அவள்தான். மாதாவின் பிரார்த்தனையில் ராணி என்ற பொருளில் வருகிற பெயரைக் குதிரைக்கு வைப்பதா என்று சிலர் பங்குச் சாமியாரிடம் போனார்கள், அவர் சந்தியாகப்பரே குதிரைமேல்தானே உட்கார்ந்திருக்கிறார், குதிரைக்கும் கொஞ்சம் மரியாதை இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் ஊர்ப் பாதுகாவலர் சந்தியாகப்பர், வெள்ளைக் குதிரையேறிய புனிதர், கோயில் பீடத்தில் அவருடைய குதிரை ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி எத்தனையோ தலைமுறையாக நிற்கிறது.

இனி கட்டிய கதை. நாங்கள் கடல்காரர்கள், எங்களுக்குக் கட்டத் தெரிந்தது வள்ளம் ஒன்றுதான். வள்ளத்தைக் கட்டுகிறவன் கயிற்றை நீளமாக விடுவான், தாழக் கட்டுவான், முடிச்சை இறுக்கிப் போடுவான், அலை தூக்கினால் தூக்கட்டும், எங்கே போய்விடும் என்று வீட்டுக்குப் போய்த் தூங்குவான். தொம்மையும் அப்படியே, வாசல் தென்னையின் தூரில், தரையோடு தரையாக, தாராளமாகக் கயிறு விட்டு, நங்கூரத்துக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு, ஒரு முறைக்கு இருமுறை இழுத்தும் பார்த்துவிட்டு உள்ளே போனார். விடிந்ததும் மேற்கேயிருந்து மீன் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, ராக்கினி துள்ளினாள், மணலில் தொங்கிக் கிடந்த கயிறு முன்னங்காலில் சுற்றிக்கொண்டது, அவள் கண்ணின் வெள்ளை தெரிய, கழுத்தை உயர்த்தி, பின்னங்கால்களில் உட்காருவதுபோலச் சாய்ந்து கடல் பக்கமாகப் பின்னுக்கு இழுத்தாள். கயிறு அறவில்லை, முடிச்சு அவிழவில்லை. தென்னை மரம் கூடவே போனது.

நிமிர்ந்தபடி போனது, குலையோடும் நிழலோடும் உச்சியில் உட்கார்ந்திருந்த காக்காயோடும் போனது, நின்ற இடத்தில் பள்ளம்கூட இல்லை, மணல் தானாக மூடிக்கொண்டது. குதிரை களைத்து நின்றபோது மரம் பக்கத்து வீட்டு லூர்தம்மாளின் வாசலில் நின்றது. லூர்தம்மாள் வெளியே வந்து மேலே பார்த்தாள், குலையை எண்ணினாள், பிறகு இந்தத் தேங்காய் இனி யாருக்கு என்று கேட்டாள். அன்றைக்கு ஊரில் முதலில் எழுந்த கேள்வி அதுதான், மரம் எப்படி நடந்தது என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார் வந்து, தேங்காய் வளர்த்தவனுக்கு, நிழல் யார் வாசலில் விழுகிறதோ அவர்களுக்கு, காய்ந்து விழுகிற மட்டை முதலில் எடுக்கிறவர்களுக்கு என்று தீர்ப்புச் சொன்னார், எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது.

மரம் ஆகவில்லை என்றால் கல்தூண் ஆகும் என்று தொம்மை அடுத்ததாக ஏலக்கூடத்துத் தூணில் கட்டினார், அதே மாதிரி நீளமாக, அதே மாதிரி தாழ்வாக. கூடம் கூரையோடும் தராசோடும் மீன் குவியலோடும் அதைச் சுற்றி நின்ற வியாபாரிகளோடும் கடலைப் பார்த்து நகர்ந்தது, உள்ளே சீலா மீனுக்கு ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கேட்பதை நிறுத்தவில்லை, வெளியே நின்றவர்கள் கூடவே நடந்தபடி விலையைக் கூட்டினார்கள். லூர்தம்மாள் தன் வீட்டு நிலைக்காலில் கட்டிப் பார்க்கச் சொன்னாள், நிழல் கொடுத்த தென்னைக்கு நன்றி என்று சொன்னாலும், கடல் காற்று இன்னும் கொஞ்சம் வந்தால் நல்லது என்ற ஆசை அவளுக்கு உள்ளுக்குள் இருந்தது என்றுதான் நான் சொல்வேன். வீடு நகர்ந்தபோது அவள் அடுப்பில் புட்டு வெந்துகொண்டிருந்தது, புட்டுக்குடம் சாயாமல் பிடித்துக்கொண்டாளே தவிர வெளியே எட்டிப் பார்க்கவில்லை. பிறகு கிணற்றுச் சுவர், கிணறு வட்டமாக, ஆழமாக, தன் தண்ணீர் தளும்பாமல் போய்ச் சேர்ந்தது, அன்று முதல் பெண்களுக்கு வள்ளத்து ஆட்கள் பார்க்கத் தண்ணீர் எடுக்க வேண்டியதாயிற்று என்பதில் சிலருக்கு வருத்தம், சிலருக்கு இல்லை.

ஊர் இதற்கெல்லாம் பழகிக்கொண்டது, பழக்கம் போலப் பொல்லாதது ஒன்றும் கிடையாது. லாரி ஹாரன் கேட்டதும் பெண்கள் பால் சட்டியைப் பிடித்துக்கொண்டார்கள், சவரம் செய்கிறவர்கள் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். தபால்காரர் முகவரியைப் படிப்பதை விட்டுவிட்டு முதலில் குதிரை எங்கே என்று கேட்டார். பொதுச்சுவர் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் தனித்தனியாக வந்து, சுவர் அந்தப் பக்கம் கொஞ்சம் போகிற மாதிரி கட்டிவிட முடியுமா என்று தொம்மையின் காதில் கேட்டுவிட்டுப் போனார்கள். கட்டாமல் விட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். விட்டும் பார்த்தோம், காயப்போட்ட நெத்திலியை ராக்கினி மிதித்தாள், கோயில் மாலைகளை மென்றாள், பூசை நேரத்தில் உள்ளே வந்து பெண்கள் பக்கம் நின்றாள். கட்டினால் ஊரை இழுக்கிறாள், அவிழ்த்தால் ஊரைத் தின்கிறாள் என்று சொல்லிச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியது தென்னையால். ஒரு நாள் தென்றல் கொஞ்சம் வேகமாக அடித்தபோது மரம் தானாக நகர்ந்தது, குதிரை இல்லை, கயிறு இல்லை, தண்ணீரில் மிதக்கிற கட்டை மாதிரி நகர்ந்து நின்றது. போய்ப் பார்த்தால் ஏலக்கூடத்துத் தூணை ஒரு ஆள் தோளால் தள்ளினால் அசைகிறது, லூர்தம்மாளின் கதவு, எப்போதும் மணலில் இடித்து இறுகிக்கொள்கிற கதவு, சும்மா ஆடுகிறது, கிணற்றை எட்டிப் பார்த்தால் தண்ணீர் தொட்டில் மாதிரி அசைகிறது. பயந்து இழுபட்ட எதுவும் புதிய இடத்தில் வேர் பிடிக்கவே இல்லை. அத்தனையும் கடலுக்குக் கிட்டத்தில் வேறு வந்து நின்றது, லாரி வருவது மேற்கே என்பதால் அவள் இழுத்ததெல்லாம் கிழக்கே. கடல் எங்கள் ஊரை வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வருவது எங்களுக்குத் தெரியும், அதன் வாய்க்கு நேரே தட்டை நகர்த்தி வைத்தது போல ஆகிவிட்டது.

கமிட்டி கூடியது. கஸ்பார் கெட்ட மனிதர் இல்லை, அவருடைய வீட்டு முற்றத்தைப் போன வருசம் கடல் எடுத்துக்கொண்டு போயிருந்தது, கல்லறைத் தோட்டத்தில் பெண்டாட்டியைப் புதைத்த மூலையும் அதோடு போயிருந்தது, அந்த மனிதருக்குத் தூக்கம் கிடையாது. அவர் சொன்ன யோசனை இதுதான். திருவிழாத் தேர்வடத்தை எடுத்து, ஊரில் ஆட்டம் கண்ட எல்லாவற்றையும் அதில் கோத்து, முனையைக் கோயில் கொடிமரத்தில் மாட்டி, குதிரையையும் கொடிமரத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டி, கடல் பக்கமாகச் சரவெடியைக் கொளுத்தினால், அவள் பயந்து மேற்கே இழுப்பாள், ஊர் முழுவதும் கடலைவிட்டுத் தேரி என்கிற செம்மணல் மேட்டுப் பக்கமாக வந்துவிடும். ஒருமுறை போதாது என்றால் வருசா வருசம் கொளுத்தலாம். நல்ல யோசனைதான், எனக்குக்கூட நல்ல யோசனையாகத்தான் பட்டது.

பிரகாசி கூட்டத்தில் எழுந்து நின்றாள். பெண்கள் எழுந்து பேசுவது எங்கள் கமிட்டியில் வழக்கமில்லை, ஆனால் கடலுக்குப் போகிறவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

"மாமா, பயந்து இழுத்தது எதுவும் இன்னும் வேர் பிடிக்கல, தென்னையப் பாரும். ஊரையும் அப்படி ஆக்கிராதேயும். அவ நிக்கப் படிச்சிட்டாள்னா போதும், அவளைக் கட்டினதெல்லாம் அவளோடயே நின்னுக்கிடும்."

"நிக்கிற குதிரையால ஊருக்கு என்ன லாபம் மவளே?" என்றார் கஸ்பார். "சந்தியாகப்பர் ஏறியிருக்க குதிரையே ஒத்தக் காலத் தூக்கிட்டுதான் நிக்கி. இவ நாலு காலையும் ஊனி நிப்பாளாக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள், அவள் மட்டும் உட்காரவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். திருவிழா அன்று பூசை முடிந்ததும் ராக்கினி கொடிமரத்தில் நிற்க வேண்டும், கமிட்டியின் சரவெடி வெடிக்கும், அசையாமல் நின்றால் அவள் பிரகாசியின் குதிரை, இழுத்தால் அன்றிலிருந்து கமிட்டியின் குதிரை, கமிட்டி தன் இஷ்டத்துக்கு அதைப் பயமுறுத்திக்கொள்ளும். பிரகாசி சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அழுதாள். கம்மலும் போய், எஞ்சினும் வராமல், இப்போது குதிரையும் போனால் என்ன செய்வது என்று அழவில்லை, இந்த வாயில்லாச் சீவனை வருசா வருசம் வெடி வைத்து நடுங்க வைப்பார்களே என்று அழுதாள்.

அழுகை வேறு, வழி வேறு. முடிச்சை மாற்றிப் பார்த்தாள், கயிற்றை மாற்றிப் பார்த்தாள், பூவரசங்கட்டையில் கட்டினாள், நங்கூரத்தில் கட்டினாள், கட்டை நகர்ந்தது, நங்கூரம் நகர்ந்தது. ஒரு நாள் கடலில் அவள் தூண்டிலில் பெரிய பாறை மீன் ஒன்று மாட்டியது, அது வள்ளத்தையே சுற்றவைத்தது, தொம்மை கயிற்றை வள்ளத்துக் கட்டையில் முடிச்சுப் போட்டுவிடச் சொன்னார், அவள் மறுத்துவிட்டாள், முடிச்சுப் போட்டால் ஒன்று கயிறு போகும் இல்லையென்றால் மீனின் வாய் கிழியும், அது இழுக்கும்போது கைக்குள் இழைய விட்டாள், அது தளரும்போது வாங்கினாள், விட்டாள், வாங்கினாள், உச்சி வெயில் சாயும்வரைக்கும் விட்டு விட்டுப் பிடித்தாள், மீன் கடைசியில் சண்டையை மறந்து வள்ளத்தின் பக்கத்தில் வந்து படுத்தது. அதைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நாம குதிரையக் கட்டவே இல்ல, கேட்டீரா" என்றாள் புருசனிடம். "வள்ளத்தைக் கட்டியிருக்கோம்."

மறுநாளே தொடங்கிவிட்டாள். முதலில் கட்டையே இல்லை, ராக்கினிக்கு முகக்கயிறு போட்டு, கயிற்றைக் கையில் பிடித்து, மெதுவாகக் கீழே ஒரு சின்ன இழுப்பு, அவள் தலையை ஒரு விரல்கடை தாழ்த்தினாலும் உடனே கையைத் தளர்த்தி, கழுத்தைத் தடவி, மறுபடியும் ஒரு சின்ன இழுப்பு, மறுபடியும் தளர்ச்சி, இழுப்புக்கு எதிரே போனால் இறுக்கம், இழுப்போடு வந்தால் விடுதலை என்று அந்த வெள்ளைத் தலைக்குள் இறங்கும்வரை அதையே, வெயிலில் அதையே, மழைத் தூறலில் அதையே, ஊர் முழுக்கப் பார்த்துக் கொட்டாவி விட்டாலும் அதையே செய்தாள். பிறகு பூவரசங்கட்டைக்குக் கொண்டுபோனாள். நீளமாக விடவில்லை, கால் சிக்காதபடி குட்டையாக, தூரில் இல்லை, குதிரையின் நெஞ்சுக்கு மேலே வருகிற உயரத்தில், அதுவும் முடிச்சே போடாமல், கட்டையில் இரண்டு சுற்று மட்டும் சுற்றி, முனையைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். ராக்கினி பயந்து பின்வாங்கினால் கயிறு கட்டையில் உரசியபடி ஒரு சாண் போகும், போய் மெல்ல நிற்கும், ஓடவும் விடாது, அடைக்கவும் செய்யாது. முன்னால் ஒரு அடி வந்தாள் என்றால் தளர்ந்துவிடும். நாங்கள் ஆச்சரியமாகப் பார்த்தோம் என்று சொல்ல மாட்டேன், இதென்ன கட்டு, அவிழ்ந்த கட்டு என்று கேலி செய்தோம்.

கேலி செய்தவர்களையே அவள் வேலைக்கு வைத்தாள். லூர்தம்மாள் தூரத்தில் நின்று பித்தளைக் குடத்தைக் கீழே போட வேண்டும், மறுநாள் கொஞ்சம் கிட்டத்தில் போட வேண்டும், சிப்பி போட்ட தகரத்தை ஆட்டுகிறவர்கள் ஆட்ட வேண்டும், லாரி டிரைவர் ஊர் வளைவில் நின்று ஒரு ஹாரன் அடித்துவிட்டு வர வேண்டும், ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் கிட்டத்தில். ராக்கினி நடுங்குவாள், ஒரு சாண் போவாள், நிற்பாள், தலையைத் தாழ்த்துவாள், பிரகாசி தளர்த்துவாள். கமிட்டி ஆள் ஒருவன் குறும்புக்கு ஒரு வெடியைக் கொளுத்திப் போட்ட அன்று மட்டும் எல்லாம் பாழானது, கயிறு பிரகாசியின் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது, குதிரை தேரிக்குள் ஓடியது. அன்று எங்களில் பலர் மனசுக்குள் கமிட்டி பக்கம் சாய்ந்தோம். பிரகாசி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பனைகளுக்கு நடுவே தேடிப் போனாள், சாயங்காலம் கூட்டிக்கொண்டு வந்தாள், ஒரு வார்த்தை திட்டவில்லை. பூவரசங்கட்டை நட்ட இடத்தில் நட்டபடியே நின்றது. அதைக் கவனித்தது அன்று அவள் ஒருத்திதான்.

திருவிழா வந்தது. காலையிலேயே கஸ்பாரின் ஆட்கள் தேர்வடத்தைத் தென்னையில் சுற்றி, ஏலக்கூடத்துத் தூண்களில் நுழைத்து, லூர்தம்மாளின் நிலைக்காலையும் கிணற்றுச் சுவரையும் கோத்து, கோயில் முன்னால் கொடிமரத்தில் மாட்டிவிட்டார்கள், பிரகாசி தோற்றதும் தாமதமில்லாமல் முடிச்சுப் போட. கடல் ஓரத்தில் சரவெடியைப் பாய் மாதிரி விரித்து வைத்தார்கள். பூசை முடிந்தது, வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை, ராக்கினி கொடிமரத்தின் முன்னால் கடலைப் பார்த்து நின்றாள், இரண்டு சுற்று, முனை பிரகாசியின் கையில், கொளுத்துகிறவன் வத்தியை ஊதிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கள்ளக்கடல் வந்தது. காற்றில்லாமல், இரைச்சலில்லாமல், கடல் ஒரு முறை தோளை உயர்த்தித் திருடன் மாதிரி ஊருக்குள் நடந்து வரும், அதனால்தான் அந்தப் பெயர். கொளுத்துகிறவன் கணுக்காலில் தண்ணீரைப் பார்த்து வத்தியைப் போட்டுவிட்டு ஓடினான், அது சரத்தின் மேல் விழுந்தது. கோயில் மணி அடித்தது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கிழவர்களை இழுத்துக்கொண்டு, ஊர் முழுவதும் ஓடிப்போய்க் கோயிலுக்குப் பின்னால், மேற்கே, மேட்டில் நின்றது. தண்ணீர் பட்டதும் வேரில்லாததெல்லாம் மிதந்தது. முதலில் தென்னை, பிறகு ஏலக்கூடம், அடுப்பில் கறிச்சட்டியோடு லூர்தம்மாளின் வீடு, கடைசியில் கிணறு சுவரோடு எழும்பிச் சுற்றியது. வடம் முறுக்கேறியது, கொடிமரம் அடியில் முனகியது.

மேட்டில் நின்ற எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. குதிரை இப்போது பயந்து இழுத்தால், எங்கள் கமிட்டி ஆசைப்பட்டது போலவே, ஊர் மொத்தமும் மேற்கே வரும், மேற்கே நின்றது நாங்கள், எங்கள் வீடுகளும் கிணறும் எங்கள் பிள்ளைகளின் மேலேயே ஏறும். பயந்து அறுத்துக்கொண்டு ஓடினாலோ, கடல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். அவள் நிற்க வேண்டும், வேறு வழி கிடையாது, சும்மா நிற்க வேண்டும். கஸ்பார் முழங்காலில் விழுந்தார், அவர் எந்தப் புனிதரைக் கூப்பிட்டார் என்று தெரியவில்லை, வெடிச் சத்தத்தில் கேட்கவில்லை.

சரம் வெடித்தது, பாதி தண்ணீரிலும் பாதி நெருப்பிலும் வெடித்தது. ராக்கினியின் கண்ணில் வெள்ளை தெரிந்தது, கழுத்து உயர்ந்தது, பின்னங்கால்கள் மடங்கின. பிரகாசி கயிற்றை இழைய விட்டாள். ஒரு சாண் போனது, கொடிமரத்தில் உரசிப் போனது, குதிரை தன்னை யாரும் அடைக்கவில்லை என்பதைக் கண்டுகொண்டு மூச்சை விட்டது, தலையைத் தாழ்த்தியது, அவள் தளர்த்தினாள். அலை வந்தது, விட்டாள், அலை போனது, வாங்கினாள், வெடி வெடித்தது, விட்டாள், வெடி ஓய்ந்தது, வாங்கினாள், துணி சுற்றிய கையில் ரத்தம் ஊற ஊற, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, பெரிய பாறை மீனைப் பிடித்த அன்றைக்குச் செய்தது போலவே, போ கண்ணு, வா கண்ணு என்று சொல்லிக்கொண்டே விட்டாள், வாங்கினாள். மிகப் பெரிய அலை கடைசியாக வந்து அவளைத் தள்ளிவிட்டது, கையிலிருந்து கயிறு போனது, கொடிமரத்தில் இருந்த இரண்டு சுற்றும் கழன்று முனை தண்ணீரில் மிதந்தது.

ராக்கினி நின்றாள். நெஞ்சுவரை தண்ணீர், காதுக்கருகே வெடிப்புகை, பிடிக்க ஆளில்லை, மேற்கே ஓடுவதற்கு வழி முழுவதும் திறந்து கிடந்தது, அவள் நாலு காலையும் ஊன்றித் தலையைத் தாழ்த்தி, பூவரசங்கட்டையடியில் வெயில் காய்கிறவள் மாதிரி நின்றாள். அவள் நின்றதும் கொடிமரம் நின்றது, கொடிமரம் நின்றதும் வடம் நின்றது, வடம் நின்றதும் தென்னை நின்றது, கூடம் நின்றது, வீடு நின்றது, சுற்றிக்கொண்டிருந்த கிணறு மெல்லச் சுற்றுக் குறைந்து, இறங்கி, உட்கார்ந்தது. கடல் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தது. பிறகு அதற்கே அலுத்துப்போய்த் திரும்பிவிட்டது.

நாங்கள் அழுதோம், சத்தம் போட்டுச் சிரித்தோம், மேட்டிலிருந்து ஓடி வந்தோம். தென்னையைத் தள்ளிப் பார்த்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், கூடத்துத் தூண் அசையவில்லை, கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. லூர்தம்மாள் வீட்டுக் கதவைத் திறக்கப் போனாள், கதவு பழையபடி மணலில் இறுகிக்கொண்டது, இடுப்பால் மோதித் திறந்தாள், என் கதவு மாட்டுது, என் கதவு மாட்டுது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். அதைவிடச் சந்தோசமான செய்தியை நான் இதுவரை கேட்டதில்லை.

கஸ்பார் தண்ணீரில் அளைந்துகொண்டே வந்தார். மிதந்த கயிற்றின் முனையை எடுத்து, நனைந்த வேட்டியில் துடைத்து, பிரகாசியிடம் நீட்டினார்.

"கட்டு அவுந்து கெடந்துச்சு மவளே."

"கட்டவே இல்ல, மாமா" என்றாள் பிரகாசி.

அவர் குதிரையைப் பார்த்தார், அதன் நாலு கால்களையும் பார்த்தார், குனிந்து ஒவ்வொரு குளம்பையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த வருசம் தேர் நெருக்கமான தெருக்களில் போகும்போது சந்தியாகப்பருக்கு முன்னால் ராக்கினியை நடத்தினோம், வெடி இல்லாமல் மேளம் மட்டும் வைத்து, மேளத்துக்கும் அவள் காதைக்கூட ஆட்டவில்லை. இன்றைக்கும் எங்கள் ஊரில் புது வள்ளம் கடலில் இறங்குவதற்கு முன்னால் அதன் கயிற்றைக் கொண்டுவந்து ராக்கினியின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி எடுப்பார்கள், முடிச்சுப் போடுவதில்லை, யாராவது மறந்துபோய் முடிச்சுப் போடப் போனால் ஊரே கத்தும். தொம்மையிடம் வெளியூர்க்காரர்கள், எஞ்சின் வாங்கப் போனவர் ஏன் குதிரை வாங்கினீர்கள் என்று கேட்பதுண்டு. கிணற்றடியில் உட்கார்ந்து, இறங்கின தோளைத் தடவிக்கொண்டு, அவர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வார்.

"ஓடுறதை வாங்கத்தான் போனேன். எங்களுக்கு வேண்டியிருந்தது நிக்கிறது."